என்பிஏ பருவத்தை எந்த வழியில் பார்ப்பது: உள்ளூர் ஒளிபரப்பா, லீக் பாஸா, தேசியச் சேனல்களா?

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தன் புதிய பருவத்தின் ஆட்ட அட்டவணையை ஆகஸ்ட் மாத நடுவில் வெளியிட்டதும், முப்பது அணிகளின் ரசிகர்களும் முதலில் எண்ணிப் பார்ப்பவை இரண்டு: தங்கள் அணி எத்தனை முறை தேசியத் தொலைக்காட்சியில் வருகிறது, எத்தனை முறை அடுத்தடுத்த இரவுகளில் ஆட வேண்டியிருக்கிறது. தேசிய ஒளிபரப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே கிடைத்த அணியின் ரசிகர்கள், லீக் தங்களை ஒரு பொருட்டாகவே கருதவில்லை என்று கொதிக்கிறார்கள். நிறைய இடங்கள் கிடைத்த அணியின் ரசிகர்களுக்கோ வேறு குறை: கிழக்குக் கடற்கரையில் இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும், பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய உள்ளூர் வர்ணனையாளரின் குரல் அன்றைக்கு இருக்காது, அந்த ஓர் ஆட்டத்துக்காகவே இன்னொரு சந்தா கட்ட வேண்டியிருக்கும். இரு தரப்பின் ஆதங்கமும் நியாயமானதுதான். ஆதங்கம் தணிந்த பிறகு, அக்டோபர் பிற்பகுதியில் முதல் பந்து மேலே வீசப்படுவதற்குள், அமெரிக்காவில் வாழும் ஒவ்வொரு ரசிகரும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருக்கிறது: இந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களை எந்த வழியில், எவ்வளவு செலவில் பார்ப்பது?

வழிகள் மூன்று. அணியின் உள்ளூர் ஒளிபரப்பு, லீக் நேரடியாக விற்கும் இணையச் சந்தாவான லீக் பாஸ், தேசிய ஒளிபரப்பாளர்களின் சேனல்களும் ஓடிடி செயலிகளும். மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபின் எனக்கு உறுதியாகப் படுவது இதுதான்: சொந்த அணியின் வட்டாரத்திலேயே வசிப்பவர் உள்ளூர் ஒளிபரப்பை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும், தேசியச் செயலிகளை மாதக் கணக்கில், அட்டவணையைப் பார்த்து, தேவைப்படும்போது மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், லீக் பாஸ் வெளியூர் ரசிகருக்கானது. ஏன் இந்த வரிசை என்பதற்கான காரணங்கள் அட்டவணையிலேயே இருக்கின்றன.

ஐந்தில் ஒரு பங்கு

2025-26 பருவத்தில் நடைமுறைக்கு வந்த 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம்தான் இன்றைய வசதிக்கும் குழப்பத்துக்கும் ஒருசேரக் காரணம். 2024 ஜூலையில் டிஸ்னி, என்பிசியுனிவர்சல், அமேசான் ஆகிய மூன்று நிறுவனங்களுடன் ஏறத்தாழ 7,600 கோடி டாலருக்கு இது முடிவானது. 1980களின் இறுதியிலிருந்து என்பிஏ ஆட்டங்களைக் காட்டிவந்த டிஎன்டி சேனல் வெளியேறியது. 2002க்குப் பிறகு என்பிசி திரும்பி வந்தது. அமேசானின் பிரைம் வீடியோ முதன்முறையாக உள்ளே நுழைந்தது. வழக்கமான பருவத்தில் டிஸ்னியின் இஎஸ்பிஎன், ஏபிசி இரண்டிலுமாக 80 ஆட்டங்கள், என்பிசியிலும் அதன் ஓடிடி தளமான பீகாக்கிலும் 100, பிரைம் வீடியோவில் 66 என்று பங்கு பிரிக்கப்பட்டது.

இந்த எண்களைக் கூட்டினால் 246 வருகிறது. லீக்கின் மொத்த ஆட்டங்கள் 1,230. அதாவது ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே தேசிய ஒளிபரப்பு; மீதி நான்கு பங்கும் உள்ளூர்ச் சேனல்களில்தான் வரும். ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகள் என்பதால், சராசரியாக ஓர் அணிக்குப் பதினாறு தேசிய ஆட்டங்கள் கிடைக்க வேண்டும். ஆனால் இந்தப் பங்கீடு ஒருபோதும் சராசரியாக நடப்பதில்லை. லேக்கர்ஸ், வாரியர்ஸ், நிக்ஸ் போன்ற அணிகளுக்கு அள்ளிக் கொடுக்கப்படுகிறது. முந்தைய பருவத்தில் அடிமட்டத்தில் முடித்த அணிகளுக்குக் கிள்ளித்தான் கொடுக்கப்படுகிறது. முப்பது தேசிய ஆட்டங்கள் உள்ள அணிக்கு 52 உள்ளூர் ஆட்டங்கள் எஞ்சுகின்றன. ஐந்தே தேசிய ஆட்டங்கள் உள்ள அணிக்கு 77. எவ்வளவு புகழ்பெற்ற அணியானாலும் அதன் பெரும்பான்மை ஆட்டங்கள் உள்ளூர்ச் சேனலில்தான் என்பதை, தேசிய எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிப்பவர்களும் புழுங்குபவர்களும் ஒருசேர மறந்துவிடுகிறார்கள்.

ஆகஸ்டில் வெளியாகும் அட்டவணை முழுமையானதும் அல்ல. அதில் ஓர் அணிக்கு 80 ஆட்டங்களே குறிக்கப்பட்டிருக்கும். 2023இல் தொடங்கிய பருவ இடைத் தொடரான என்பிஏ கோப்பையின் முடிவுகளைப் பொறுத்து, டிசம்பரில் ஆட வேண்டிய மீதி இரண்டு ஆட்டங்கள் பின்னர் நிரப்பப்படுகின்றன. கோப்பையின் காலிறுதிக்கு எட்டு அணிகளே போகும். அந்த வெளியேற்றச் சுற்று முழுவதும் பிரைம் வீடியோவில். ஆகவே டிசம்பர் மாதத்துக்கான எந்தச் செலவையும் நவம்பர் முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டியதில்லை.

உள்ளூர் ஒளிபரப்பு

மூன்று வழிகளில் மிக முக்கியமானதும், ஊருக்கு ஊர் மிக அதிகமாக வேறுபடுவதும் இதுவே. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதைப் பற்றி யோசிக்கவே தேவையிருந்திருக்காது. கேபிள் இணைப்பு இருந்தால் வட்டார விளையாட்டுச் சேனல் அதனுடன் வந்துவிடும். அணியின் ஆட்டங்கள் அதில் ஓடும். கேபிளைத் துண்டித்தவர்களின் எண்ணிக்கை பெருகப் பெருக அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பாலி ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் பல அணிகளின் ஆட்டங்களைக் காட்டிவந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. 2024 அக்டோபரில் அதன் சேனல்கள் ஃபேன்டூயல் ஸ்போர்ட்ஸ் நெட்வொர்க் என்று பெயர் மாறின.

அந்தச் சரிவில் ரசிகர்களுக்கு ஒரு நன்மை பிறந்தது. ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை 2023இல் வாங்கிய மேட் இஷ்பியா, வட்டாரச் சேனலை விட்டு விலகி, ஆன்டெனா வைத்தாலே இலவசமாகக் கிடைக்கும் உள்ளூர் நிலையங்களுக்கு ஆட்டங்களைக் கொண்டுபோனார். திவால் நீதிமன்றத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதையும் தாண்டி ஏற்பாடு நிறைவேறியது. ஆன்டெனா இல்லாத வீடுகளுக்கு அணியே இலவசமாக ஆன்டெனா அனுப்பியது. அதே ஆண்டு யூட்டா ஜாஸ் அணியும், அடுத்த ஆண்டு டாலஸ் மாவரிக்ஸ், நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸ் அணிகளும் இலவச ஒளிபரப்புக்கு மாறின. ஓர் அணி தன் ரசிகர்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை இது என்றே நான் கருதுகிறேன். மாதச் சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் தன் ஊர் அணியைப் பார்த்து வளர்வதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை.

எதிர்த் திசையில் டென்வரைப் பார்க்க வேண்டும். நக்கெட்ஸ் அணியின் உரிமையாளர் குடும்பத்துக்கே சொந்தமான ஆல்டிட்யூட் சேனலுக்கும், அந்நகரின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்டுக்கும் கட்டணத் தகராறு மூண்டு, 2019 ஆகஸ்ட் இறுதியில் சேனல் நிறுத்தப்பட்டது. அது 2025 பிப்ரவரியில்தான் தீர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நிக்கோலா யோகிச் 2021, 2022, 2024 என மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வென்றார். 2023இல் அணி தன் வரலாற்றின் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றது. அந்த அணியின் பெரும்பாலான வழக்கமான பருவ ஆட்டங்களைத் தம் சொந்த ஊரில், தாம் ஏற்கெனவே பணம் கட்டிவந்த கேபிள் இணைப்பில் பார்க்க முடியாமல் ஆயிரக்கணக்கான வீடுகள் ஐந்து பருவங்களுக்கும் மேலாக இருந்தன. ஓர் அணி உச்சத்தில் இருக்கும் காலம் திரும்ப வருவதில்லை. அந்த இழப்புக்கு எந்த நிறுவனமும் ஈடு கொடுத்துவிட முடியாது.

ஆகையால் உள்ளூர் ஒளிபரப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி: அணியின் ஆட்டங்கள் இலவச நிலையத்தில் வருகின்றனவா, கட்டணச் சேனலில் வருகின்றனவா? இலவசம் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆன்டெனா ஒருமுறைச் செலவு. மாதக் கட்டணம் கிடையாது. வாங்குவதற்கு முன் ஒரு சின்ன வேலையைச் செய்துவிடுவது நல்லது. அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் இணையதளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால், எந்த நிலையம் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வலுவாக வரும் என்ற வரைபடம் கிடைக்கும். கண்ணாடிச் சன்னலில் ஒட்டிவைக்கும் தட்டையான ஆன்டெனா யுஎச்எஃப் அலைகளை நன்றாகப் பிடிக்கும். நமக்கு வேண்டிய நிலையம் விஎச்எஃப் அலைகளில் வருமானால், இரண்டு நீண்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பாணி ஆன்டெனாவே மேல். கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலருகே வைத்து, தொலைக்காட்சியில் சேனல்களை ஒருமுறை புதிதாகத் தேடச் செய்ய வேண்டும். நிலையம் அலைவரிசை மாற்றினால் மறுபடியும் தேடச் செய்ய வேண்டும். முதல் ஆட்டத்தன்று சேனலைக் காணவில்லை என்று பதறுபவர்களில் பலர் இதை விட்டுவிட்டவர்கள்தான்.

கட்டணச் சேனல் என்றால் அதை மூன்று விதமாகப் பெறலாம். கேபிளிலோ செயற்கைக்கோள் இணைப்பிலோ பெறலாம். அந்தச் சேனலைச் சேர்த்துள்ள இணையவழித் தொலைக்காட்சித் தொகுப்பில் பெறலாம். சேனலோ அணியோ தனியாக விற்கும் செயலியில் நேரடிச் சந்தா கட்டலாம். மூன்றாவதே பெரும்பாலோருக்கு மலிவு. மாதம் சுமார் 20 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் கிடைப்பதால் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு டாலருக்கு மேல் போகாது. தேசியச் செயலிகளில் இந்தக் கணக்கு வராது.

பணக் கணக்குக்கு அப்பால் வர்ணனை என்ற ஒன்று இருக்கிறது. தேசிய வர்ணனையாளர் அணியை வருடத்துக்குச் சில முறையே பார்க்கிறார். நட்சத்திர ஆட்டக்காரரைப் பற்றி, நாடு முழுவதும் ஏற்கெனவே அறிந்த கதையையே அவர் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளூர் வர்ணனையாளருக்கு அணியின் பத்தாவது ஆட்டக்காரர் போன வாரம் ஏன் ஆடவில்லை, மூன்று புள்ளி வீச்சில் அவர் கால் வைக்கும் விதத்தைப் பயிற்சியாளர் எப்படி மாற்றினார் என்பதெல்லாம் தெரியும். நியூயார்க்கில் 1970, 1973 சாம்பியன் அணிகளில் ஆடிய வால்ட் ஃபிரேசியர் எதுகை மோனையோடு வர்ணனை செய்வதைக் கேட்டே ஒரு தலைமுறை நிக்ஸ் ரசிகர்கள் வளர்ந்திருக்கிறார்கள். நிக்ஸின் உள்ளூர்ச் சேனலான எம்எஸ்ஜியில் அவருக்குத் துணையாக அமரும் மைக் பிரீன்தான் ஏபிசியிலும் முதன்மை வர்ணனையாளர். ஆயினும் தேசிய ஒளிபரப்பில் பிரீனின் குரல் மட்டும் வந்து ஃபிரேசியர் இல்லாதபோது அதே ஆட்டம் வேறொன்றாகிவிடுகிறது. தேசிய ஆட்டங்கள் கூடுவதை வெறும் வெற்றியாக எண்ண முடியாதவர்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

இதற்கு ஒரு மாற்று உண்டு. தேசியத் தொலைக்காட்சி ஆட்டத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்ட இரவிலும் அணியின் வானொலி வர்ணனை நிற்பதில்லை. தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு வானொலியைக் கேட்கலாம். ஓடிடியில் படம் பல விநாடிகள் பிந்தி வருவதால், கூடை விழுவதற்கு முன்பே வானொலியில் ஆரவாரம் கேட்டுவிடும். ஆன்டெனாவில் வரும் என்பிசி, ஏபிசி ஆட்டங்களில் இந்த இடைவெளி குறைவு.

லீக் பாஸ்

லீக்கின் எல்லா ஆட்டங்களும் ஒரே இடத்தில் என்ற எண்ணத்தோடு லீக் பாஸ் வாங்குபவர்களே அதிகம் ஏமாற்றமடைகிறார்கள். அதன் குறை அதன் விதிகளிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் நீங்கள் எந்த அணியின் ஒளிபரப்பு வட்டாரத்துக்குள் வசிக்கிறீர்களோ, அந்த அணியின் ஆட்டங்கள் உங்களுக்கு நேரலையில் தடுக்கப்படும். இருக்கும் இடத்தைச் செயலி கண்டறிந்துகொள்கிறது. புள்ளிக்கணக்கு திரையில் மாறிக்கொண்டே இருக்கும். படம் இருக்க வேண்டிய இடத்தில், இந்த ஆட்டம் உங்கள் பகுதியில் கிடைக்காது என்ற அறிவிப்பு நிற்கும். வட்டாரம் என்பது நகர எல்லையோடு முடிவதும் இல்லை. அரங்கத்திலிருந்து நூறு மைல்களுக்கு அப்பால், மாநிலத்தின் மறுகோடியில் இருப்பவரும் அதற்குள் வரக்கூடும். ஆட்டம் முடிந்து உரிய இடைவெளி கழிந்த பிறகு பதிவைப் பார்க்கலாம். ஆனால் முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காக யாரும் சந்தா கட்டுவதில்லை.

அணிக்கு மிக அருகில் வாழும் ரசிகரே அதன் நேரலையிலிருந்து மிகத் தொலைவில் நிறுத்தப்படுகிறார் என்பது, எந்த ஒப்பந்தக் காரணம் சொல்லப்பட்டாலும், ரசிகர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. வட்டாரச் சேனலின் உரிமையைக் காக்கவே இந்தத் தடை. அந்தச் சேனல்களில் பலவே தள்ளாடிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், அதைத் தளர்த்த லீக் முன்வர வேண்டும்.

வெளியூரில் வசிப்பவருக்கு நிலைமை வேறு. பாஸ்டனில் வேலை பார்க்கும் சேக்ரமென்டோ கிங்ஸ் ரசிகருக்கு லீக் பாஸை விட்டால் நல்ல வழி இல்லை. சொந்த அணியின் உள்ளூர் வர்ணனையையே தேர்ந்தெடுத்துக் கேட்க முடிவது அதில் கிடைக்கும் பெரிய நிம்மதி. ஆயினும் தேசிய ஒளிபரப்பில் வரும் ஆட்டங்கள் அங்கேயும் நேரலையில் தடுக்கப்படுகின்றன. இதனால் ஒரு விசித்திரமான விளைவு உண்டாகிறது: அணி எவ்வளவுக்கெவ்வளவு புகழ்பெற்றதோ, அவ்வளவுக்கவ்வளவு லீக் பாஸின் பயன் குறைகிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் லேக்கர்ஸ் ரசிகர் அதில் ஐம்பதை ஒட்டிய ஆட்டங்களே பார்க்க முடியும். போதாக்குறைக்கு நிக்ஸ், நெட்ஸ் அணிகளுடன் லேக்கர்ஸ் மோதும் ஆட்டங்களும் அவருடைய வட்டாரத் தடைக்குள் வந்துவிடும். தேசியத் தொலைக்காட்சி கண்டுகொள்ளாத அணியின் வெளியூர் ரசிகருக்கோ ஏறக்குறைய முழுப் பருவமும் கிடைக்கிறது. அட்டவணை வெளியானதும் தேசிய ஆட்டங்கள் குறைவென்று வருந்திய அதே ரசிகர், இந்த இடத்தில் நன்மை பெறுகிறார்.

சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுகள் முழுவதும் தேசிய ஒளிபரப்பு என்பதால், ஏப்ரல் நடுவோடு லீக் பாஸின் நேரலைப் பயன் அமெரிக்காவில் முடிந்துவிடுகிறது. அதை வாங்குபவர் ஏப்ரலில் புதுப்பிப்பு தானாக நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தேசியச் சேனல்கள்

இங்கே கிழமைகளைக் கவனிக்க வேண்டும். திங்கள் இரவு ஆட்டங்கள் பீகாக்கில் மட்டும். செவ்வாய் இரவு என்பிசியில் இரண்டு ஆட்டங்கள்: கிழக்கு நேரம் எட்டு மணிக்கு ஒன்று, பசிபிக் நேரம் எட்டு மணிக்கு ஒன்று. வழக்கமாக முதலாவது நாட்டின் கிழக்கு, நடுப் பகுதி நிலையங்களிலும், இரண்டாவது மேற்குப் பகுதி நிலையங்களிலும் வரும். இரண்டையும் பார்க்க பீகாக் வேண்டும். புதன் இஎஸ்பிஎன்னுக்கு. வெள்ளி பெரும்பாலும் பிரைம் வீடியோவுக்கு. அமெரிக்கக் கால்பந்தின் வியாழன் ஆட்டங்கள் முடிந்த பிறகு வியாழனும் அதற்கே. ஏபிசியின் சனி இரவு, ஞாயிறு பிற்பகல் ஆட்டங்கள் புத்தாண்டுக்குப் பின் தொடங்கும். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் பருவம் முடிந்ததும் ஞாயிறு இரவு என்பிசிக்குப் போகிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேசிய ஒளிபரப்பு வார நாட்களில் குவிகிறது. பிப்ரவரிக்குப் பிறகே வார இறுதியில் அடர்த்தியாகிறது. சந்தாவை எந்த மாதத்தில் தொடங்குவது என்பதை இந்த ஒழுங்கே பெருமளவு தீர்மானித்துவிடும்.

2025 இலையுதிர்காலத்து விலையில், விளம்பரங்களுடன் கூடிய பீகாக் மாதம் 10.99 டாலர், தனியாக வாங்கினால் பிரைம் வீடியோ 8.99, இஎஸ்பிஎன்னின் முழுச் சேவை 29.99. மூன்றும் சேர்ந்து 49.97. வழக்கமான பருவத்தின் ஆறு மாதங்களுக்கு ஏறத்தாழ 300 டாலர். ஜூன் இறுதிப்போட்டி வரை இழுத்தால் 400. உள்ளூர்ச் சேனல் இதற்கு மேல். இவ்வளவையும் கட்டத் துணிபவர் முதலில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: புதிய ஒப்பந்தத்தில் ஏபிசி, என்பிசி ஆகிய இலவச நிலையங்களில் வரும் ஆட்டங்கள் முன்பைவிடப் பல மடங்கு கூடியிருக்கின்றன. முந்தைய ஒப்பந்தத்தில் குறைந்தது 15 என்றிருந்தது, இப்போது பருவத்துக்கு ஏறத்தாழ 75. உள்ளூர் ஆட்டங்களுக்காக வாங்கிய அதே ஆன்டெனா இவற்றையும் கொண்டுவந்துவிடும்.

மூன்று செயலிகளில் இஎஸ்பிஎன்தான் விலை அதிகம். டிஎன்டியின் புகழ்பெற்ற ஸ்டுடியோ உரையாடலை நடத்திய எர்னி ஜான்சன், சார்ல்ஸ் பார்க்லி, ஷகீல் ஓ'நீல், கென்னி ஸ்மித் ஆகியோர் இப்போது இஎஸ்பிஎன், ஏபிசி ஒளிபரப்புகளில் வருவது அதற்கு ஓர் ஈர்ப்பு. ஆனால் தன் அணியை மட்டும் பார்க்கும் ரசிகர் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். அணிக்கு இஎஸ்பிஎன்னில் ஆறு ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமும் சந்தா கட்டினால் ஓர் ஆட்டத்துக்கு 30 டாலர். அந்த ஆறில் நான்கு இரண்டே மாதங்களுக்குள் விழுந்தால், அந்த இரண்டு மாதங்களுக்கு மட்டும் கட்டி, ஆட்டத்துக்கு 15 டாலர் என்று பாதியாக்கலாம். எஞ்சிய இரண்டையும் வானொலிக்கு விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தருவதாகச் சொல்லும் இணையவழித் தொலைக்காட்சித் தொகுப்புகள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2025இல் மாதம் 82.99 டாலர் வசூலித்த யூடியூப் டிவியில் பெரும்பாலான வட்டார விளையாட்டுச் சேனல்கள் கிடையாது. அதாவது அணியின் பெரும்பான்மை ஆட்டங்கள் அதில் இல்லை. போதாதற்கு, டிஸ்னியுடனான கட்டணத் தகராறால் 2025 அக்டோபர் 30இலிருந்து நவம்பர் 14 வரை இஎஸ்பிஎன், ஏபிசி இரண்டுமே அதில் மறைந்துபோயின. பருவம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பிற விளையாட்டுகளையும் செய்திச் சேனல்களையும் பார்க்கும் பெரிய குடும்பத்துக்கு இத்தொகுப்பு பொருந்தலாம். கூடைப்பந்துக்காக மட்டும் வாங்குவதற்கு உகந்ததல்ல.

எந்த இரவுக்குப் பணம் கொடுப்பது

அட்டவணையில் ஒளிபரப்பும் ஓய்வும் பின்னிக் கிடக்கின்றன. தேர்வு செய்யும்போது இதையும் பார்ப்பது பயன் தரும். ஐந்து இரவுகளில் நான்கு ஆட்டங்கள் என்ற பழைய கொடுமையை லீக் 2017-18இலேயே நீக்கிவிட்டது. அடுத்தடுத்த இரவுகளில் ஆடுவது மட்டும் இன்னும் ஓர் அணிக்குப் பருவத்தில் பதினைந்து முறை அளவுக்கு நீடிக்கிறது. 2023இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, முந்தைய மூன்று பருவங்களில் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கோ பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல்-என்பிஏ அணிக்கோ தேர்வானவர், உடல்நலக் காரணம் இல்லாமல் தேசிய ஒளிபரப்பு ஆட்டங்களிலும் கோப்பை ஆட்டங்களிலும் உட்கார வைக்கப்படக் கூடாது. மீறினால் அணிக்கு முதல் முறை ஒரு லட்சம் டாலர் அபராதம், இரண்டாம் முறை இரண்டரை லட்சம்.

இதன் நடைமுறை விளைவை ஒரு வாரத்தை எடுத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். செவ்வாய் இரவு என்பிசியில் பெரிய அணியுடன் ஆட்டம், புதன் இரவு விமானத்தில் போய் இறங்கிய ஊரில் உள்ளூர்ச் சேனலில் மட்டும் வரும் ஆட்டம் என்றால், முழங்கால் வலியுள்ள நட்சத்திரம் ஓய்வெடுக்கப்போவது பெரும்பாலும் புதன்கிழமைதான். தொலைக்காட்சி ரசிகருக்கு இது பெரிய இழப்பில்லை. அணியின் இளம் ஆட்டக்காரர்கள் முப்பது நிமிடம் ஆடுவதைப் பார்க்க அந்த இரவுகளே வாய்ப்பு. அரங்கத்துக்குச் சீட்டு வாங்குபவர் மட்டும், தொடர் இரவுகளின் இரண்டாம் ஆட்டத்தைத் தவிர்த்துவிடுவது நலம்.

ஆக, தன் ஊரிலேயே இருக்கும் ரசிகருக்கு என் பரிந்துரை: அக்டோபரில் ஆன்டெனாவும் உள்ளூர்ச் சேனலின் சந்தாவும் மட்டும் போதும். அட்டவணையில் அணியின் பீகாக், பிரைம், இஎஸ்பிஎன் ஆட்டங்களை மாதவாரியாக எண்ணி, ஒரே மாதத்தில் மூன்றோ அதற்கு மேலோ வரும் செயலியை அந்த மாதத்துக்கு மட்டும் சேர்க்கலாம். ஆண்டுச் சந்தா தள்ளுபடியில் வந்தாலும், பிற நிகழ்ச்சிகளுக்கும் அச்செயலி வீட்டில் பயன்படாவிட்டால் அது லாபமாகாது. வெளியூர் ரசிகருக்கு உள்ளூர்ச் சேனலின் இடத்தில் லீக் பாஸை வைத்தால் மீதிக் கணக்கு அதேதான். முன்னணி அணியின் ரசிகராக இருந்தால் மட்டும், லீக் பாஸை விட்டுவிட்டு மூன்று தேசியச் செயலிகளையும் வாங்குவதே மலிவாக முடிகிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் இறுதியில் இந்தக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும். பிளேஆஃபின் கடைசி இடங்களுக்காக நடக்கும் பிளே-இன் ஆட்டங்கள் அனைத்தும் பிரைம் வீடியோவில். முன்பெல்லாம் உள்ளூர்ச் சேனலிலும் வந்துகொண்டிருந்த பிளேஆஃப் முதல் சுற்று, புதிய ஒப்பந்தத்தில் அவற்றின் கையைவிட்டுப் போய்விட்டது. தன் பிரிவில் (கிழக்கோ மேற்கோ) ஏழாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவே அணி ஊசலாடினால் ஏப்ரலுக்குப் பிரைமை முன்கூட்டியே சேர்த்துவிடலாம். முதல் ஆறு இடங்களுக்குள் உறுதியாக இருந்தால், முதல் சுற்றின் எந்தெந்த ஆட்டம் எந்தச் சேனலில் என்ற பட்டியல் வரும்வரை பொறுத்திருந்து, உள்ளூர்ச் சேனலின் சந்தாவை நிறுத்திய பணத்தில் அதற்குரிய செயலியை வாங்கலாம்.